மலை முதலில், ரயில் பிறகு

கொலு வைக்கும் வீடுகளில் பிள்ளைகள் பூங்கா அமைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மணலைக் குவித்தால் மலை. கேழ்வரகோ கடுகோ தூவித் தண்ணீர் தெளித்தால் நான்கு நாளில் காடு. முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகிவிடும். நடுவே பொம்மை ரயில் சுற்றி வரும். அதைப் பார்த்து ரசிக்காதவர் யார்? ஆனால் அங்கே தண்டவாளத்தை வட்டமாகப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த மூலையில்தான் மணலைக் கொட்டியிருப்பார்கள். மாதிரி ரயில் அமைப்பில் இறங்கும் பெரியவர்களில் பாதிப் பேர் இதையேதான் இன்னும் கொஞ்சம் செலவு செய்து செய்கிறோம். பலகை, தண்டவாளம், பிறகு மிஞ்சிய இடத்தில் மலை. பார்ப்பவர் கண்ணுக்கு அந்த மலை தண்டவாளத்தின் மேல் போர்த்திய கம்பளி மாதிரி தெரியும்.

நிஜத்தில் நடந்தது நேர் எதிர். மலை அங்கேயே இருந்தது. ரயில்காரர்கள் பிறகு வந்தார்கள். பாறை குறுக்கிட்ட இடத்தில் வெட்டினார்கள், முடியாத இடத்தில் குடைந்தார்கள், பள்ளம் வந்தால் பாலம் கட்டினார்கள், மண் சரியும் என்று தெரிந்த இடத்தில் கல்சுவர் எழுப்பினார்கள். ஒவ்வொரு கல்கட்டுக்கும் ஒரு காரணம் உண்டு. உங்கள் அமைப்பில் ஒரு சுவரைக் காட்டி ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சுவர் வேண்டாம். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

எடுத்துக்காட்டுக்கு நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் திறக்கப்பட்ட மீட்டர் கேஜ் பாதை. சுமார் 46 கிலோமீட்டர் தூரத்தில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. அங்கே ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1. பாறையும் கல்கட்டும் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

எவ்வளவு எடுப்பது

முதலில் ஒரு கணக்கு. நம்மில் பலரும் வேலை செய்வது எச்.ஓ. அளவில், அதாவது 1:87. அந்த அளவில் 46 கிலோமீட்டர் என்பது அரை கிலோமீட்டருக்கும் மேல் வரும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டரிலும் உதகை 2203 மீட்டரிலும் இருக்கின்றன. அந்த உயர வித்தியாசத்தை அப்படியே சுருக்கினாலும் 21 மீட்டருக்கு மேல் போகும். ஏழு மாடிக் கட்டடம். ஆகவே ‘ஊட்டி ரயிலைச் செய்யப் போகிறேன்’ என்று யாராவது சொன்னால் நான் கேட்பது, ‘எந்த நூறு மீட்டரை?’ என்றுதான்.

என் பரிந்துரை: ஒரு பாறை வெட்டு, அதை ஒட்டி ஒரு சுரங்கவாய், ஓடை ஒன்றைத் தாண்டும் ஒரு சிறு கல்வளைவு, அதற்கடுத்து ஒரு தாங்குசுவர். இவ்வளவும் 2.4 மீட்டர் நீளப் பலகையில் அடங்கும். 12-க்கு 1 ஏற்றத்தில் அந்த நீளத்துக்குள் தண்டவாளம் 20 சென்டிமீட்டர் ஏறிவிடும். கண்ணுக்கு அது போதும். மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்குப் பொருந்தும்.

மலையின் எலும்பு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெர்மாகோல் பலகைகளை அடுக்கி ஒட்டி, கத்தியால் செதுக்கி மலையின் உருவத்தைக் கொண்டுவாருங்கள். கசக்கிய செய்தித்தாள் பந்துகளை இடுக்குகளில் திணியுங்கள். மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஏற்றிய கட்டுத்துணியை நனைத்துப் போர்த்துங்கள். இதற்கென்று விற்கும் வெளிநாட்டுச் சுருளைத் தேடி அலைய வேண்டாம். கை ஒடிந்தால் போடுவார்களே, அதே கட்டுத்துணி மருந்துக்கடையில் கிடைக்கும். இரண்டு அடுக்கு போதும்.

எச்சரிக்கைகள் மட்டும் இரண்டு. சுரங்கத்துக்குள் ரயில் தடம்புரளாமல் இருக்கப்போவதில்லை; பின்பக்கத்திலோ அடியிலோ உங்கள் கை முழங்கை வரை நுழைய வழி விடுங்கள். அடுத்தது, தெர்மாகோல் மீது ஸ்பிரே பெயின்ட் அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். என் முதல் மலையின் உச்சியில் ராத்திரி ஒரு கோட் அடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் மலை இருந்த இடத்தில் எரிமலைவாய் இருந்தது. தண்ணீரில் கரையும் பெயின்ட், ஃபெவிகால் இரண்டும் தெர்மாகோலை ஒன்றும் செய்யாது.

பாறை

வெளிநாட்டுப் பாறை அச்சுகள் பலவற்றில் கிடைமட்டமாக அடுக்கடுக்கான கோடுகள் இருக்கும். அது படிவுப் பாறை. அமெரிக்க மேற்கின் பள்ளத்தாக்குகளுக்குப் பொருந்தும். நீலகிரியின் பாறை வேறு. அது சார்னோக்கைட். பல்லாவரத்துக் கல்லும் இதே இனம்தான். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். இந்தக் கதை நமக்கு எதற்கு என்றால், இது பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கல். வண்டல் அடுக்குகள் இதில் இல்லை. பெரிய பெரிய பாளங்களாக, குறுக்கும் நெடுக்குமான வெடிப்புகளோடு நிற்கும். வெயிலும் மழையும் பட்ட இடங்களில் வெங்காயச் சருகு போல் தோல் உரிந்து உருண்டையாகும். ஆகவே அடுக்குப்பாறை அச்சில் வார்த்த துண்டை கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவிலுள்ள ஹில்குரோவ் நிலையத்துப் பக்கத்துக்கு வைத்தால், விவரம் தெரிந்தவர் முதல் பார்வையிலேயே முகம் சுளிப்பார்.

நமக்கு வேண்டியது இரண்டு விதப் பாறை. ஒன்று, ரயில்காரர்கள் வெடி வைத்துப் பிளந்த முகம்: கூரான விளிம்பு, தட்டையான முகங்கள். மற்றது, யாரும் தொடாத மேல்சரிவு: உருண்டு திரண்ட முகம். இரண்டுக்கும் வேலைமுறை வேறு.

வெடித்த முகத்துக்குச் சமையலறை அலுமினியத் தாள் போதும். ஒரு முழ நீளம் கிழித்து, நன்றாகக் கசக்கி, முழுவதும் விரிக்காமல் பாதி விரியுங்கள். அதற்குள் பிளாஸ்டரை ஊற்றி, கூழாக இருக்கும்போதே மலையின் மேல் அமுக்கிப் பிடியுங்கள். இறுகியதும் தாளை உரித்தால் உடைந்த பாறையின் முகம் அப்படியே நிற்கும். ஒரே தாளைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தாதீர்கள். ஒரே மடிப்பு மூன்று இடத்தில் வந்தால் கண் பிடித்துவிடும்.

உருண்டை முகத்துக்குக் கை உளி. பிளாஸ்டரை விரல் பருமனுக்குப் பூசிவிட்டுக் காத்திருங்கள். இங்கே பதம் முக்கியம். பாகு பதம் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். முதலில் தயிர் மாதிரி இருக்கும், பிறகு வெண்ணெய், பிறகு பனீர். செதுக்க வேண்டியது பனீர் பதத்தில். விரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அந்த நிலை சில நிமிடங்கள்தான் நிற்கும். அதற்குள் பழைய சமையல் கத்தியால் பெரிய வெடிப்புகளைப் போட்டு, விளிம்புகளைத் தேய்த்துவிட்டு, டூத்பிரஷால் ஒரு ஒற்று ஒற்றிவிட வேண்டும். ஒரு நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மேல் பூசாதீர்கள்.

கலவை அளவு: ஒரு கிண்ணம் தண்ணீருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிண்ணம் பிளாஸ்டர். தண்ணீரில்தான் தூளைத் தூவ வேண்டும். தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். தூவியதும் ஒரு நிமிடம் ஊறவிட்டு மெதுவாகக் கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் சீக்கிரம் இறுகும், குமிழியும் விழும். கொஞ்சம் வினிகர் சேர்த்தால் இறுகுவது தாமதமாகும், உப்பு சேர்த்தால் விரைவாகும். இறுகும்போது கை சுடும், பயப்பட வேண்டாம். காய்ந்த பிளாஸ்டரைத் தேய்க்கும்போது மட்டும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் பிளாஸ்டர் காயாது. அந்த மாதத்தில் பெயின்ட் வேலையைத் தொடாமல் மரம் செய்துகொண்டிருங்கள்.

கல்கட்டு

இந்த அத்தியாயத்தின் இதயம் இதுதான். இதில் அவசரப்படாதீர்கள்.

எச்.ஓ. அளவில் ஒரு அடி என்பது 3.5 மில்லிமீட்டர். அளவுகோலின் பின்பக்கத்தில் இதை எழுதி ஒட்டிவையுங்கள். ஒரு அடி உயரம், இரண்டு அடி நீளமுள்ள கருங்கல் நம் சுவரில் 3.5-க்கு 7 மில்லிமீட்டர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் காரை என்று வைத்துக்கொண்டாலும் நமக்கு அது 0.1 மில்லிமீட்டர்தான், ஒரு தலைமுடி. புதியவர்களின் சுவர் பொய்யாகத் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தக் கோடுதான். அரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறி, அதில் வெள்ளைப் பெயின்ட் நிரப்பி, இரண்டு விரற்கடை காரை பூசிய சுவரைக் கட்டிவிடுகிறார்கள். எந்தக் கொத்தனாரும் அப்படிக் கட்டமாட்டார்.

செய்முறை இது. கண்ணாடித் துண்டின் மேல் 5 மில்லிமீட்டர் கனத்துக்குப் பிளாஸ்டர் பலகை வார்த்து, ஒரு நாள் வைத்து எடுங்கள். பென்சிலால் வரிசைக் கோடுகளை இழுங்கள். பிறகு தையல் ஊசியை ஒரு மரக்குச்சியில் சொருகி, அந்தக் கோடுகளின் மேல் ஒரே ஒரு முறை கீறுங்கள். செங்குத்து இணைப்புகள் ஒன்றின் மேல் ஒன்று வரக் கூடாது. மேல் வரிசைக் கல் கீழ் வரிசையின் இணைப்பை மூட வேண்டும். சுவர்முனையில் கற்கள் பெரிதாகவும் ஒழுங்காகவும், ஒன்று நீளம் ஒன்று குட்டை என மாறி மாறியும் வரட்டும். நடுவில் கொஞ்சம் ஒழுங்கு தவறலாம். எல்லாம் கீறி முடித்ததும், பத்துக்கு ஒரு கல்லை உளியால் மெல்லச் சுரண்டி உள்ளே தள்ளுங்கள். சுவருக்கு உயிர் வருவது அந்த நிமிடத்தில்தான்.

இனி, மலைப் பாதைக்கே உரிய ஒரு கண்ணி. தண்டவாளம் 12-க்கு 1 சரிவில் ஏறுகிறது. கல்வரிசையும் அதே சரிவில் போக வேண்டுமா? வேண்டாம். கொத்தனார் மட்டப்பலகையைப் பார்த்துக் கல் வைப்பார், தண்டவாளத்தைப் பார்த்து அல்ல. வரிசைகள் மட்டமாகவே போகும். சுவரின் உச்சியில் மட்டும் படிபடியாகவோ சரிவாகவோ வெட்டி ஏற்றத்தோடு சேர்ப்பார்கள். மரங்களும் நேராக நிற்கும், கம்பங்களும் நேராக நிற்கும். சாய்வது தண்டவாளம் ஒன்றுதான். மேஜையில் உட்கார்ந்து செய்யும்போது கண் தண்டவாளத்தையே மட்டம் என்று எடுத்துக்கொள்ளும். நான் ஒரு சுவரை அப்படிச் செய்து முடித்து ஒட்டிய பிறகுதான் கவனித்தேன். மொத்தச் சுவரும் மலையோடு கீழே வழுக்கிக்கொண்டிருந்தது. மட்டக்குழாய் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

தாங்குசுவர் செங்குத்தாக நிற்பதில்லை. மண்ணின் தள்ளுதலைத் தாங்க மலைப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். 10 சென்டிமீட்டர் உயரச் சுவருக்கு உச்சியில் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஒட்டினால் சரியாக இருக்கும். சுவரின் கீழ்ப்பாதியில் இரண்டு மூன்று வரிசையில் நீர் வடியும் துளைகள் விடுங்கள். பின்னால் தேங்கும் மழைநீருக்கு வழி இல்லையென்றால் எந்தச் சுவரும் நிற்காது. நீலகிரி மழைக்கு நிற்கவே நிற்காது. அந்தத் துளைகள்தான் பிறகு நிறம் பூசும்போது கறுப்பும் பச்சையுமான கறைகளுக்குத் தொடக்கப் புள்ளி.

வளைவுப் பாலத்துக்கு வருவோம். நிஜத்தில் 6 மீட்டர் அகலமுள்ள அரைவட்ட வளைவு நமக்கு 69 மில்லிமீட்டர். அரைவட்டத்தின் சுற்று ஏறக்குறைய 108 மில்லிமீட்டர். அதை 21 கற்களாகப் பிரித்தால் ஒரு கல் 5 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நிஜ அளவில் ஒன்றரை அடி. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும். அப்போதுதான் உச்சியில் முடிச்சுக்கல் ஒன்று உட்காரும். வளைவுக் கற்களின் இணைப்புகள் எல்லாம் வட்டத்தின் மையத்தை நோக்கி ஓட வேண்டும். மையத்தில் ஒரு குண்டூசி குத்தி, நூல் கட்டி, அந்த நூலை ஒவ்வொரு கல்லுக்கும் இழுத்துப் பிடித்துக் கோடு போடுங்கள். இதைக் கண்ணளவில் செய்தவர்களின் பாலங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பல் வரிசை கோணிய சிரிப்பு மாதிரி இருக்கும். வளைவின் உட்புறக் கூரைக்கு மெல்லிய அட்டையை வளைத்து ஒட்டிப் பிளாஸ்டர் பூசுங்கள். அங்கே நீண்ட கோடுகள் பாலத்தின் அகலவாக்கில் ஓடும்.

சுரங்கவாயைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. கெட்டிப் பாறையில் குடைந்த சுரங்கத்துக்கு அலங்கார முகப்பு தேவையில்லை, பாறையே முகப்பு. மண்ணோ உதிர்பாறையோ உள்ள இடத்தில்தான் கல்வளைவு கட்டுவார்கள். உங்கள் சுரங்கம் எந்த இடத்தில் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எதுவானாலும் உள்ளே ஒரு சாண் தூரத்துக்குப் பாறைச் சுவர் செய்து கறுப்படியுங்கள். இல்லையென்றால் எட்டிப் பார்க்கும் குழந்தைக்கு பிளைவுட்தான் தெரியும்.

நிறம்

கருங்கல் கறுப்பு இல்லை. கடையில் ‘பாறை நிறம்’ என்று விற்கும் சாம்பல் டப்பாவும் அதன் நிறம் இல்லை. மலை முழுக்க அந்தச் சாம்பலை அடித்தால் படுத்திருக்கும் யானைதான் கிடைக்கும். புதிதாக உடைத்த சார்னோக்கைட் கருநீலமும் லேசான பச்சையும் கலந்து, எண்ணெய் தடவியது போல் மினுங்கும். வெயில்பட்ட முகம் வெளிறிய பழுப்பு. மேலிருந்து தண்ணீர் வழியும் பட்டையில் கறுப்பு. உச்சியிலுள்ள செம்மண் மழையில் இறங்கிப் பாறையின் தோளில் காவி பூசியிருக்கும். ஒரே பாறையில் நான்கு நிறம்.

ஆகவே கெட்டிப் பெயின்ட் வேண்டாம், தண்ணீர்க்கரைசல் வேண்டும். வெள்ளைப் பிளாஸ்டர் உறிஞ்சும் தன்மையுள்ளது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள்காவி, பழுப்பு, நீலச்சாம்பல் மூன்றையும் மோர்த்தண்ணீர் போல் நீர்க்கக் கரைத்து, புள்ளி புள்ளியாக அங்கங்கே ஒற்றுங்கள். முதலில் சிறுத்தைத் தோல் மாதிரி பயங்கரமாக இருக்கும். கை நடுங்கி நிறுத்திவிடாதீர்கள். கடைசியாகக் கறுப்புக் கரைசலை மேலிருந்து வழியவிட்டால் எல்லாம் ஒன்றுகலந்து, வெடிப்புகளில் இருள் தங்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, தூரிகையில் வெளிர்பழுப்பைத் தொட்டு, துணியில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, விளிம்புகளின் மேல் மட்டும் வருடுங்கள்.

சுவர்க் கற்களுக்கும் இதே கரைசல்கள்தான், ஒரு வித்தியாசத்தோடு. அந்தக் கற்கள் எங்கிருந்து வந்திருக்கும்? பக்கத்திலேயே வெட்டியிருப்பார்கள். சுவரும் பாறையும் ஒரே குடும்பத்து நிறத்தில் இருக்கட்டும். சுவர் ஒரு பங்கு வெளிறலாம். சுரங்க வளைவின் உச்சியில் புகைக்கரி படிந்திருக்கும். அங்கே கறுப்புச் சுண்ணத்தூளை விரலால் தேயுங்கள். பக்கச் சுவர்களுக்கு அவ்வளவு வேண்டாம், புகை மேலேதான் போகும்.

ரயில் ஓடப்போகும் விளக்கின் கீழேயே பெயின்ட் அடியுங்கள். பால்கனி வெயிலில் அழகாக இருந்த பாறை கூடத்து டியூப்லைட்டில் பிணமாகத் தெரியும்.

ஜல்லி, மண், பச்சை

தண்டவாள ஜல்லி நிஜத்தில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். நமக்கு அது 0.6 மில்லிமீட்டர். ரவை சலிக்கும் சல்லடையை எடுங்கள். அதில் தங்குகிற மணல் நமக்குப் பாறாங்கல். கடற்கரை மணலானால் முதலில் காந்தத்தை அதில் புரட்டுங்கள். இரும்புத்தாதுத் துகள் இருந்தால் எஞ்சினின் மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். ஜல்லியைப் பரப்பியதும், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்துவிட்டு, மூன்று பங்கு தண்ணீர் சேர்த்த ஃபெவிகாலைச் சொட்டுக்குழாயால் விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக உருண்டு நிற்கும்.

காட்டின் தரைக்கு, டீ போட்டு மீந்த தூளை வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துத் தூவுங்கள். உதிர்ந்த சருகுக்கு அதைவிட நல்ல பொருளை நான் கண்டதில்லை. ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். கல்லாறு பக்கத்தை எடுத்தவர்கள் பாக்குமரம் செய்ய வேண்டும். குன்னூர்ப் பக்கம் வந்தால் தேயிலை. கவாத்து செய்து, கொழுந்து கிள்ளிக் கிள்ளி, தேயிலைச் செடியின் தலை மேஜை போல் தட்டையாக இருக்கும். உயரம் நம் அளவில் 8 அல்லது 9 மில்லிமீட்டர். பச்சைச் சாயமேற்றிய பஞ்சுத் துண்டுகளின் மேல்பகுதியைக் கத்தரியால் மட்டமாக வெட்டுங்கள். வரிசைகள் சரிவைச் சுற்றி வளைந்து போகட்டும். நடுவே கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் இடைவெளியும் இருக்கட்டும். வெட்டாமல் உருண்டையாக விட்டால் அது தேயிலைத் தோட்டமல்ல, முட்டைக்கோஸ் வயல்.

பாறையின் மேல் பச்சையை அள்ளிப் பூசிவிடாதீர்கள். இத்தனை நாள் செதுக்கியதை மூடுவதற்கா செதுக்கினோம்? வெடிப்புகளிலும் சுவரின் நீர்த்துளைகளுக்குக் கீழும் கொஞ்சம் போதும்.

கடைசியாக, மீந்த பிளாஸ்டரைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். அது தண்ணீருக்குள்ளும் இறுகும். குழாயை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பழைய பிளாஸ்டிக் வாளியில் விட்டுவையுங்கள். மறுநாள் வாளியைப் பக்கவாட்டில் தட்டினால் உடைந்து விழும். ஓடைக் கரையில் போட வேண்டிய உருண்டைக் கற்கள் அந்த உடைசலிலேயே கிடைக்கும்.